சொற்பொழிவுக்கான நூலக ஆதாரங்கள்

சொற்பொழிவுக்கான நூலக ஆதாரங்கள் எனப்படுபவை, கல்லூரி மாணவர் ஒருவர் வகுப்புப் பணியாகவோ பேச்சுப் போட்டிக்காகவோ ஆயத்தம் செய்யும் உரையில் கூறும் செய்திகளுக்கு அடிப்படையாக நூலகத்திலிருந்து திரட்டும் நூல்கள், இதழ்கள், கல்வெட்டுத் தொகுதிகள், அரசு ஆவணங்கள், புள்ளிவிவர வெளியீடுகள் முதலியவை ஆகும். எழுத்தில் அமைந்த ஆய்வுக் கட்டுரைக்குத் தேவைப்படும் ஆதாரங்களும் இவையே. ஆயினும் உரையின் நிலை ஒரு வகையில் வேறுபட்டது. கட்டுரையைப் படிப்பவர் அடிக்குறிப்பைப் பார்க்கலாம், பக்கத்தைத் திருப்பிச் சரிபார்க்கலாம். உரையைக் கேட்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. மேடையில் சொல்லப்பட்ட ஆண்டும் பெயரும் கேட்டவர் நினைவில் அப்படியே தங்கிவிடுகின்றன. எனவே சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் பேசுபவரையே சாரும்.

இக்கட்டுரை தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்குக் கிடைக்கக்கூடிய நூலகங்களையும் ஆதாரங்களையும் பற்றியது. எடுத்துக்காட்டாகத் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திருநின்றவூர் எடுத்துக்கொள்ளப்படுகிறது. சொந்த ஊரைப் பற்றிய உரை கல்லூரிகளில் அடிக்கடி தரப்படும் தலைப்பு என்பது ஒரு காரணம். இலக்கியம், கல்வெட்டு, செவிவழிச் செய்தி ஆகிய மூன்றும் இவ்வூரின் வரலாற்றில் ஒன்றோடொன்று கலந்திருப்பது மற்றொரு காரணம்.

பின்னணி

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டமாகும். சொத்துவரியுடன் சேர்த்து நூலக வரி பெறப்படுவதும், மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு இயங்குவதும் இச்சட்டத்தின்படியே. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என இவ்வமைப்பு படிப்படியாக இறங்குகிறது. இச்சட்டத்திற்காகப் பல்லாண்டுகள் முயன்றவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் (1892–1972). கணித ஆசிரியராக இருந்த இவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931இல் இவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைப் பேணுதல் பற்றியது. நூலகரிடம் கேட்பது இழுக்கு என்று எண்ணி அலமாரிகளுக்கிடையே மணிக்கணக்கில் அலையும் மாணவர்கள் இவ்விதியை அறிந்திருப்பது நல்லது. ஆதாரம் தேடித் தருவது நூலகர் செய்யும் உதவி அன்று, அவருடைய பணி.

ஆதாரங்களின் வகைகள்

நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே, அதனோடு தொடர்புடையவர்களால் உருவாக்கப்பட்டவை முதல்நிலை ஆதாரங்கள் ஆகும். கல்வெட்டு, கடிதம், சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு, அக்கால நாளிதழ், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை ஆகியவை இதில் அடங்கும். இவற்றை ஆராய்ந்து பிற்காலத்தில் எழுதப்பட்ட வரலாற்று நூல்களும் ஆய்வேடுகளும் இரண்டாம்நிலை ஆதாரங்கள். கலைக்களஞ்சியம், அகராதி, பாடநூல் போன்றவை மூன்றாம்நிலை ஆதாரங்கள் எனப்படுகின்றன.

இவ்வகைப்பாடு நிலையானது அன்று. ஒரே நூல் ஒரு கேள்விக்கு முதல்நிலை ஆதாரமாகவும் இன்னொரு கேள்விக்கு இரண்டாம்நிலை ஆதாரமாகவும் அமையக்கூடும். 12ஆம் நூற்றாண்டுச் சோழநாட்டில் நாயன்மார் வரலாறு எவ்வாறு கூறப்பட்டது என்ற கேள்விக்குப் பெரியபுராணம் முதல்நிலை ஆதாரம். 8ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னர் ஒருவர் என்ன செய்தார் என்ற கேள்விக்கு அது பிற்காலத்து நூல். நூலின் பெருமை வேறு, ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு அது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது வேறு. மாணவர் உரைகளில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை இவ்வேறுபாட்டைக் கவனியாததால் நேர்கின்றன.

எடுத்துக்காட்டு: திருநின்றவூரும் பூசலார் வரலாறும்

திருநின்றவூர், சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையே அமைந்துள்ளது. 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயிலும், பூசலார் நாயனாரோடு தொடர்புடைய இருதயாலீசுவரர் கோயிலும் இங்கு உள்ளன.

பூசலார் கதை பலரும் அறிந்ததே. சிவபெருமானுக்குக் கோயில் கட்ட விரும்பிய பூசலார் பொருள் கிடைக்காமையால் மனத்திற்குள்ளேயே ஒரு கோயிலைக் கட்டினார். அதற்குக் குடமுழுக்குச் செய்ய அவர் குறித்த நாளும், காஞ்சியில் மன்னர் எழுப்பிய கற்கோயிலின் குடமுழுக்கு நாளும் ஒன்றாக அமைந்தன. இறைவன் மன்னரின் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குத் தாம் செல்லவிருப்பதால் வேறு நாள் குறிக்குமாறு பணித்தார். மன்னர் நின்றவூருக்கு வந்து தேடினார். அங்குக் கோயில் எதுவும் காணப்படவில்லை. பூசலாரிடம் கேட்டு உண்மையை அறிந்து அவரை வணங்கினார்.

இக்கதையை உரையில் கூறுவோர் பலர், "பல்லவ மன்னன் இராசசிம்மன் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டியபோது நடந்த நிகழ்ச்சி இது என்று பெரியபுராணம் கூறுகிறது" என்று தொடங்குகின்றனர். நூலகத்தில் ஒரு பிற்பகல் செலவிட்டால் இவ்வொரு தொடருக்குள் மூன்று வெவ்வேறு ஆதாரங்கள் கலந்திருப்பது தெரியவரும்.

முதலாவது இலக்கியம். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் நின்றவூரைச் சேர்ந்தவர் என்று குறிப்பிட்டுப் பூசலாரின் பெயரைச் சொல்கிறார். கதை அங்கு இல்லை. சுந்தரரின் காலம் பொதுவாக 8ஆம் நூற்றாண்டு எனக் கொள்ளப்படுகிறது. அவருக்குப் பின்வந்த நம்பியாண்டார் நம்பி, திருத்தொண்டர் திருவந்தாதியில் பூசலாருக்கு ஒரு பாடல் அளிக்கிறார். கோயில் அமைக்கும் நினைவை மனத்தில் இரவுதோறும் கொண்டு அருள்பெற்றவர் என்பது அப்பாடலின் செய்தி. மன்னரும் கனவும் அதில் இல்லை. மன்னர், கனவு, குடமுழுக்கு நாள் ஆகியவற்றுடன் கதை விரிவாகக் காணப்படுவது சேக்கிழாரின் பெரியபுராணத்தில்தான். சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர், அதாவது 12ஆம் நூற்றாண்டினர். அவரும் மன்னரைக் காடவர் தலைவர் என்ற பொருளிலேயே சுட்டுகிறார். காடவர் என்பது பல்லவரைக் குறிக்கும் பெயர். இராசசிம்மன் என்ற பெயரைப் பூசலார் புராணத்தில் தேடிக் காண இயலாது.

இரண்டாவது கல்வெட்டு. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவர் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் என்பது அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டால் தெரிகிறது. இக்கல்வெட்டு உல்ட்சு பதிப்பித்துத் 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் மொழிபெயர்ப்புடன் உள்ளது. அதில் அம்மன்னர் வானிலிருந்து எழுந்த ஒலியைக் கேட்டவர் எனப் புகழப்படுகிறார். ஆனால் பூசலாரின் பெயரோ நின்றவூரோ அதில் குறிக்கப்படவில்லை. புராணத்தில் இருப்பது கனவு, கல்வெட்டில் இருப்பது அசரீரி என்பதையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது ஆய்வாளர் முடிவு. கல்வெட்டின் அசரீரியையும் புராணத்தின் கனவையும் இணைத்து, பெயர் கூறப்படாத காடவர் மன்னர் இராசசிம்மனே என்று பிற்கால அறிஞர்கள் கருதினர். இது பொருத்தமான ஊகம். பரவலாக ஏற்கப்பட்டதும்கூட. எனினும் ஊகம் செய்தவர் சேக்கிழார் அல்லர். பெரியபுராணத்தில் கழற்சிங்க நாயனார் என்ற காடவர் மன்னரின் வரலாறும் தனியே உள்ளதால் குழப்பம் மேலும் கூடுகிறது. அவர் எந்தப் பல்லவ மன்னர் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

மாணவர் இவற்றை அறிந்தபின் தம் உரையில் ஒரு தொடருக்குப் பதிலாக மூன்று தொடர்களைச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உரையின் சுவை குறைவதில்லை. சுந்தரரிடம் வெறும் பெயராக இருந்த ஒருவர் நம்பியிடம் மனக்கோயில் நினைவாகவும், சேக்கிழாரிடம் மன்னரே தேடிவரும் அடியாராகவும் வளர்ந்த கதை, முதலில் சொல்லவிருந்த கதையைவிடக் கேட்கத்தக்கது என்றே கூறலாம்.

இங்கு இன்னொரு பொறியும் உண்டு. திருநின்றவூரில் இன்று நிற்கும் இருதயாலீசுவரர் கோயிலின் வயதைப் பெரியபுராணத்தைக் கொண்டு கணிக்க முடியாது. பூசலார் கட்டியது மனக்கோயில் என்பதும், மன்னர் தேடியபோது ஊரில் அத்தகைய கோயில் இல்லை என்பதுமே கதையின் உயிர். கற்கோயில் எப்போது எழுந்தது என்ற கேள்விக்குக் கல்வெட்டு ஆண்டறிக்கைகளையும் கட்டடக்கலை ஆய்வுகளையும்தான் நாட வேண்டும்.

ஆதாரங்களைத் தேடும் முறை

நூற்பட்டியலில் தேடும்போது ஊரின் பெயரை ஒரே வடிவில் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே கிடைக்கும். சுந்தரர், திருமங்கையாழ்வார் பாடல்களில் ஊர்ப்பெயர் 'நின்றவூர்' என்றே உள்ளது. பேச்சு வழக்கில் தின்னனூர் என்ற பெயரும் உண்டு. ஆங்கில ஆட்சிக்காலப் பதிவுகளைத் தேடுவோர் இவ்வடிவத்தையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

மாவட்டப் பெயரும் அவ்வாறே. திருவள்ளூர் மாவட்டம் 1997இல்தான் தோன்றியது. அதற்கு முன்பு இப்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. எனவே பழைய நூல்கள் செங்கற்பட்டு என்ற தலைப்பின்கீழ் அடுக்கப்பட்டிருக்கும். குரோல் எழுதி 1879இல் வெளிவந்த செங்கற்பட்டு மாவட்டக் கையேடு இத்தகைய நூல்களுள் முக்கியமானது. திருவள்ளூர் என்று தேடுபவரின் கையில் அது அகப்படாது.

பொருளடக்கத்தை மட்டும் பார்த்து நூலை மூடிவிடுவதும் பொதுவான தவறு. திருமங்கையாழ்வார் திருநின்றவூருக்கெனத் தனிப்பதிகம் பாடவில்லை. கடல்மல்லைப் பதிகத்தினுள்ளும் திருக்கண்ணமங்கைப் பதிகத்தினுள்ளும் இவ்வூர்ப் பெருமானைக் குறிப்பிடுகிறார். பெரிய திருமொழியின் பொருளடக்கத்தில் 'திருநின்றவூர்' என்று தேடியவர், ஆழ்வார் இவ்வூரைப் பாடவே இல்லை என்ற தவறான முடிவுக்கு வரக்கூடும். நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவும் பெயரடைவும் இதற்காகவே அமைந்தவை. பூசலார் புராணம் பெரியபுராணத்தின் மன்னிய சீர்ச் சருக்கத்தில் உள்ளது. சி. கே. சுப்பிரமணிய முதலியாரின் ஏழு பகுதிகள் கொண்ட உரையைப் பார்ப்போர் இச்சருக்கத்தின் பெயரை அறிந்து சென்றால் இறுதிப் பகுதியை நேராக எடுக்கலாம்.

தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்களில் தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணிலும், தமிழ்நாட்டு வரலாறு 954.82 என்ற எண்ணிலும் இருக்கும். சில கல்லூரி நூலகங்கள் அரங்கநாதனின் கோலன் பகுப்பு முறையைப் பின்பற்றுகின்றன. எதுவாயினும் தேடிய நூலின் இருபுறமும் உள்ள நூல்களைப் பார்ப்பது பயன்தரும்.

பழைய தமிழ் நூல்களின் முகப்புப் பக்கத்தில் பதிப்பு ஆண்டு பல முறைகளில் காணப்படும். திருவள்ளுவர் ஆண்டு தரப்பட்டிருப்பின் அதிலிருந்து 31ஐக் கழித்தால் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். பிரபவ முதலான அறுபதாண்டுப் பெயர் மட்டும் இருப்பின் கூடுதல் கவனம் தேவை. பிரபவ என்பது 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கிய ஆண்டுகளுக்குப் பொதுவான பெயர். அச்சுக்கூடத்தின் பெயர், தாளின் தன்மை, எழுத்து வடிவம் ஆகியவற்றைக் கொண்டுதான் எந்தச் சுற்று என்று துணிய முடியும். முதற்பதிப்பு ஆண்டையும் மறுபதிப்பு ஆண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

குறிப்பெடுக்கும்போது நூலாசிரியர், நூற்பெயர், பதிப்பாளர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை முதலில் எழுதிவிட்டுச் செய்தியை எழுதுவது வழக்கம். பக்க எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் மறுநாள் அதே நூல் வேறொருவருக்கு இரவல் போயிருப்பதைக் காண்பார்கள்.

நம்பகத்தன்மையை ஆராய்தல்

அச்சில் இருப்பது என்ற ஒரே காரணத்தால் எதுவும் ஆதாரமாகிவிடாது. கோயில் வாயிலில் கிடைக்கும் தலவரலாற்றுச் சிறுநூல்கள், குடமுழுக்கு மலர்கள், பள்ளி ஆண்டுவிழா மலர்கள் ஆகியவற்றில் வேறெங்கும் கிடைக்காத உள்ளூர்ச் செய்திகள் உண்டு. திருவிழா நாட்கள், திருப்பணி விவரங்கள், ஊர்ப் பெயர் பற்றிய மரபுக் கதைகள் ஆகியவற்றுக்கு அவை நல்ல ஆதாரங்கள். மன்னர் பெயருக்கும் நூற்றாண்டுக்கும் அவற்றை மட்டும் நம்பலாகாது. மேடையில் பேசப்பட்ட ஒன்று விழா மலரில் கட்டுரையாகி, அம்மலர் அடுத்த பேச்சாளருக்கு ஆதாரமாகும் சுழற்சி தமிழ்நாட்டில் அரிதன்று. இரண்டு நூல்கள் ஒரே செய்தியைக் கூறுகின்றன என்பதால் இரண்டு ஆதாரங்கள் உள்ளன என்று கொள்ள முடியாது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருந்தால் உள்ளது ஓர் ஆதாரமே.

பேச்சுப் போட்டிகளில் ஆண்டுதோறும் ஒலிக்கும் பொய்யான மேற்கோள் ஒன்றை இங்குக் குறிப்பிடலாம். இந்தியா முழுதும் பயணம் செய்து ஓர் இரவலரையும் திருடரையும் காணவில்லை என்றும், இந்நாட்டின் முதுகெலும்பான பண்பாட்டை முறித்தாலன்றி வெல்ல இயலாது என்றும் மெக்காலே 1835 பெப்ரவரி 2 அன்று பிரித்தானிய நாடாளுமன்றத்தில் பேசியதாக அது கூறுகிறது. அந்நாளில் மெக்காலே இலண்டனில் இல்லை, கல்கத்தாவில் இருந்தார். அன்றைய தேதியிட்டு அவர் எழுதியது கல்வி பற்றிய குறிப்புரை. அது அச்சில் கிடைக்கிறது, அதில் இச்சொற்கள் இல்லை. மெக்காலேயைக் கண்டிக்க விரும்புவோருக்குக் கீழைநாட்டு இலக்கியங்களை இழித்துரைக்கும் அக்குறிப்புரையே போதுமானது. இல்லாத உரையை அவர் தலையில் ஏற்றத் தேவையில்லை.

இரு நூல்கள் முரண்படுமாயின் ஒன்றை உடனே பிழை என்று தள்ளிவிடக் கூடாது. பாரதியார் மறைந்த நாள் சில நூல்களில் 1921 செப்டம்பர் 11 என்றும் சிலவற்றில் செப்டம்பர் 12 என்றும் உள்ளது. அவர் மறைந்தது 11ஆம் நாள் நள்ளிரவைக் கடந்தபின். விடியும் வரை ஒரே நாளாகக் கொள்ளும் வழக்கப்படி 11, நள்ளிரவில் நாள் மாறும் கணக்குப்படி 12. முரண்பாட்டின் காரணத்தைக் கண்டறிந்தவருக்கு உரையில் சொல்ல ஒரு செய்தி கூடுதலாகக் கிடைக்கிறது.

எண்களைக் கூறும்போது ஆண்டும் எல்லையும் இன்றியமையாதவை. திருநின்றவூர் நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்து 2021இல் நகராட்சியானது. அதற்கு முந்தைய நூல்கள் பேரூராட்சி என்று கூறுவது பிழையன்று, பழையது. மாவட்ட அளவில் நிலைமை இன்னும் சிக்கலானது. 2018இல் அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் முதலிய பகுதிகள் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் சென்னை மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டன. ஆகவே அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைகளைப் பற்றிப் பேச வரும் மாணவர், 2011ஆம் ஆண்டின் மாவட்டப் புள்ளிவிவரத்தையும் 2018க்குப் பிந்தைய புள்ளிவிவரத்தையும் அருகருகே வைத்து மாவட்டத்தின் தொழில்வளம் கூடியது அல்லது குறைந்தது என்று கூறினால், எல்லை மாறியதையே வளர்ச்சி தேய்வாகக் கொண்ட தவறு நேரும். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாப் பெருந்தொற்றின்போது ஒத்திவைக்கப்பட்டது. எனவே '2021 கணக்கெடுப்பின்படி' என்று தொடங்கும் எந்த எண்ணும் கணக்கெடுப்பிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. மதிப்பீடாக இருக்கலாம், அல்லது கற்பனையாக இருக்கலாம்.

தலைவர்களைப் பற்றிய உரைகள்

தமிழ் வளர்ச்சித் துறை, தலைவர்களின் பிறந்தநாளையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்கு மாவட்ட அளவில் பேச்சுப் போட்டிகளை நடத்துகிறது. காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா முதலியோர் இவற்றின் வழக்கமான தலைப்புகள். இவர்கள் சொன்னதாக வழங்கும் பொன்மொழிகள் எண்ணற்றவை. அவற்றைச் சரிபார்க்கப் பெருந்தொகுப்புகள் உள்ளன. காந்தியின் எழுத்துகளும் பேச்சுகளும் காலவரிசைப்படி 100 தொகுதிகளாக இந்திய அரசின் வெளியீட்டுப் பிரிவால் ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டுள்ளன. அம்பேத்கரின் எழுத்துகளை மகாராட்டிர அரசு 1979 முதல் தொகுத்து வெளியிட்டது. அவை தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. பெரியாரின் கருத்துகளுக்கு 1925இல் தொடங்கிய குடி அரசு இதழும், அண்ணாவின் கருத்துகளுக்கு 1942இல் தொடங்கிய திராவிட நாடு இதழும் முதன்மையானவை. பாரதியார் எழுத்துகளைப் பொறுத்தவரை சீனி. விசுவநாதன் பதிப்பித்த காலவரிசைத் தொகுதிகள் ஒவ்வொரு படைப்பும் எந்த இதழில் எப்போது வந்தது என்று கூறுகின்றன. தேதியும் இடமும் இல்லாத பொன்மொழியை உரையில் சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பானது.

கலைக்களஞ்சியங்கள்

பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியம் பல கல்லூரி நூலகங்களில் உள்ளது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியமும் வாழ்வியல் களஞ்சியமும் பின்னர் வந்தவை. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. புராணப் பெயர்களுக்கு இன்றும் அதற்கு இணையான தமிழ் நூலைக் காண்பது கடினம். ஆயினும் வரலாற்றுக் காலங்களுக்கு அதனை நம்புதல் கூடாது.

இவை அனைத்தும் தேடலின் தொடக்கத்தில் பயன்படுவன. இப்பக்கம் போன்ற, தன்னார்வலர் எழுதும் கலைக்களஞ்சியப் பக்கங்களுக்கும் இது பொருந்தும். இங்குக் கூறப்படுவதை உரையில் அப்படியே எடுத்தாளாமல், இது எந்த நூலைச் சுட்டுகிறதோ அந்நூலைத் திறந்து பார்ப்பதே முறை.

அணுகத்தக்க நூலகங்கள்

கல்லூரி நூலகமும் ஊர்க் கிளை நூலகமும் முதலில் பார்க்க வேண்டியவை. பெரியபுராணம், திவ்வியப் பிரபந்தம் முதலியவற்றின் உரைகள் பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடும். அடுத்த படி திருவள்ளூரில் உள்ள மாவட்ட மைய நூலகம்.

கல்வெட்டுத் தொகுதிகள், பழைய மாவட்டக் கையேடுகள், பழைய நாளிதழ்கள் ஆகியவற்றுக்குச் சென்னை செல்ல வேண்டும். திருநின்றவூரிலிருந்து புறநகர்த் தொடர்வண்டியில் சென்ட்ரல் சென்று, அங்கிருந்து எழும்பூரை அடையலாம். எழும்பூர் பாந்தியன் சாலையில் அருங்காட்சியக வளாகத்தை ஒட்டி 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம் உள்ளது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பெறும் நான்கு நூலகங்களுள் இது ஒன்று. கொல்கத்தா, மும்பை, தில்லி ஆகிய நகரங்களில் உள்ளவை மற்ற மூன்று. எனவே வேறெங்கும் கிடைக்காத சிறு பதிப்பக நூல் இங்கு இருக்க வாய்ப்பு உண்டு. எழும்பூரிலேயே அமைந்துள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அரசாணைகளுக்கும் ஆங்கில ஆட்சிக்கால ஆவணங்களுக்கும் உரியது. ஐந்து நிமிட வகுப்பு உரைக்கு அங்குச் செல்லத் தேவை இராது.

கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தமிழ் நூல்களுக்கெனத் தனித் தளம் உள்ளது. சொந்த நூலை எடுத்துச் சென்று படிப்பதற்கும் தனி இடம் உண்டு. தரமணியில் உள்ள ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் ரோசா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதும் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டு 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையுடன் தொடங்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்களையும் பழைய இதழ்களையும் தேடுவோர் இங்குச் செல்லலாம். பெசன்ட் நகரில் உள்ள உ. வே. சாமிநாதையர் நூலகம் சுவடிகளுக்குப் பெயர்பெற்றது.

மின்னூலகங்கள்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள், அரிய நூல்களின் மின்படிகள், மேற்சொன்ன கலைக்களஞ்சியம் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் இலக்கியங்களைத் தன்னார்வலர் உழைப்பால் எழுத்து வடிவில் தருகிறது. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் உள்ளது. பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் திரட்டப்பட்டுள்ளன. ஊர் வரலாறு பற்றிய ஆய்வேடு ஒன்று கிடைத்துவிட்டால் அதன் இறுதியில் உள்ள நூற்பட்டியல், பல நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

மின்படிகளில் சொல் தேடும்போது சில இடர்ப்பாடுகள் உள்ளன. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய நூல்களில் றா, ணா, னா, லை, ளை, னை போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருப்பதால் எழுத்துணரி மென்பொருள் அவற்றைத் தவறாகப் படிப்பதுண்டு. சந்தியால் சொற்கள் இணைவதாலும் தேடிய சொல் அகப்படாமல் போகும். தேடியில் கிடைக்காதது நூலில் இல்லை என்று பொருள்படாது. மேலும் எழுத்து வடிவில் உள்ள படியைவிடப் பக்கத்தின் படிமமே மேலானது. முகப்புப் பக்கமும் பக்க எண்ணும் அதில்தான் உள்ளன.

மேடையில் ஆதாரத்தைக் கூறுதல்

உரையில் பக்க எண்ணைச் சொல்வது வழக்கமன்று. யார், எந்த நூலில், எந்தக் காலத்தில் என்ற மூன்றையும் தொடரோடு தொடராக இணைத்துச் சொன்னால் போதும். "12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இக்கதையைச் சொல்கிறார், மன்னரின் பெயரைச் சொல்லவில்லை. அவர் இராசசிம்மன் என்பது பிற்கால ஆய்வாளர் முடிவு" என்பது கேட்பவரை இடறச் செய்யாத வடிவம். "வரலாறு கூறுகிறது", "அறிஞர்கள் கூறுகின்றனர்", "ஆய்வுகள் தெரிவிக்கின்றன" என்னும் தொடர்கள் எவரையும் சுட்டாதவை. நடுவர்கள் கேள்வி கேட்கும் போட்டிகளில் இத்தொடர்களே முதலில் மாட்டிக்கொள்கின்றன.

ஐந்து நிமிட உரையில் மூன்று அல்லது நான்கு ஆதாரங்களுக்கு மேல் பெயர் சொல்லிக் கூற இயலாது. ஒவ்வொரு தொடருக்கும் ஒரு நூற்பெயர் சொன்னால் உரை நூற்பட்டியலாகிவிடும். ஐயத்திற்கு இடமான செய்தி, வியப்பூட்டும் எண், பிறரின் கருத்து ஆகிய இடங்களில் மட்டும் ஆதாரத்தைச் சொல்லலாம். பொதுவாக அறியப்பட்ட செய்திகளுக்குத் தேவையில்லை. ஏனைய ஆதாரங்களை ஒரு தாளில் முழு விவரத்துடன் எழுதி ஆசிரியரிடம் ஒப்படைக்கும் வழக்கம் சில கல்லூரிகளில் உண்டு. கேள்வி எழுந்தால் எடுத்துக் காட்டுவதற்கு அத்தாளின் படி ஒன்றைப் பேசுபவர் கையில் வைத்திருப்பது நல்லது.